பெசன்ட் நகர்ல நின்ன கப்பலும் எங்கண்ணனோட காண்ட்ராக்டும்

2012 அக்டோபர் 31, நீலம் புயல் மகாபலிபுரம் பக்கம் கரையைக் கடந்த அன்னைக்கு, சென்னை துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நின்ன பிரதிபா காவேரிங்கற ஆயில் டேங்கர் காத்துல இழுத்துட்டு வந்து பெசன்ட் நகர் பீச்சுக்கு எதிர்ல தரை தட்டி நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? சென்னைல அப்ப இருந்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அடுத்த பத்து நாளும் அது ஒரு பொருட்காட்சி. குடும்பம் குடும்பமா வந்தாங்க, சுண்டல்காரருக்கு நல்ல வியாபாரம், பசங்க கப்பலை உள்ளங்கைல தூக்கி வச்ச மாதிரி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நானும் போய் பாத்தேன். அவ்ளோ பெரிய கப்பலை அவ்ளோ கிட்டத்துல பாக்குற வாய்ப்பு கரைல இருக்கறவனுக்கு எப்ப கிடைக்கும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா அந்தக் கப்பல்ல 37 பேர் இருந்தாங்க. புயல் அன்னைக்கு அதுல ஒரு பகுதி ஆளுங்க லைஃப் போட்ல இறங்க, அலைல அது கவுந்துருச்சு. காப்பாத்தப் போனது யாருன்னா, பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கத்து மீனவங்க, அந்தக் கடல்ல, அந்தக் காத்துல, யாரும் சொல்லாமலே இறங்கி கைக்குக் கிடைச்சவங்களை இழுத்துப் போட்டாங்க. கப்பல்லயே தங்குனவங்களை மறுநாள் ஹெலிகாப்டர் வந்து தூக்குச்சு. ஆறு பேர் செத்துட்டாங்க. சில உடம்புங்க அடுத்தடுத்த நாள்லதான் கரை ஒதுங்குச்சு, அதாவது இங்கிட்டு நாம போட்டோ எடுத்துக்கிட்டு இருந்த அதே நாள்ல.

அதுக்கப்புறம் செய்தில ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. பல மாசமா சம்பளம் இல்லை, சாப்பாடும் தண்ணியும் பத்தாக்குறை, புயல் வருது எல்லாரும் ஆழ்கடலுக்குப் போங்கன்னு சொன்னப்ப நகர்றதுக்கு போதுமான எரிபொருள் இல்லை. எண்ணெய் சுமக்குற கப்பல், ஓட எண்ணெய் இல்ல. இதை போன்ல எங்கண்ணன்கிட்ட சொன்னேன், அப்ப அவன் வேற ஏதோ கடல்ல ஒரு பல்க் கேரியர்ல, அதாவது நிலக்கரி, தானியம் மாதிரி மூட்டை கட்டாத சரக்குக் கப்பல்ல, ஏபியா, அதான் தேர்ந்த டெக் மாலுமியா, இருந்தான். ஆச்சரியமே படல. "ஏலே, இது புயல்ல போன உசுரு இல்லடா, ஆபீஸ்ல போன உசுரு"ன்னான். அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் கடலோடிகள் தினம், சல்யூட், வீர வணக்கம்னு எது வந்தாலும் நடுவுல வந்து நிக்குது.

ஏப்ரல் 5 தேசிய கடல்சார் தினம். 1919ல அந்த நாள்ல எஸ்எஸ் லாயல்டிங்கற கப்பல் பம்பாய்லருந்து லண்டனுக்குக் கிளம்புச்சு, சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோட கப்பல், இந்தியக் கம்பெனி ஒண்ணு வெளிநாட்டுக்கு ஓட்டுன கப்பல்னு அதைக் கொண்டாடுறோம். (தூத்துக்குடிக்காரன் வாய் சும்மா இருக்காது: வ.உ.சி. 1906லயே சுதேசி கம்பெனி ஆரம்பிச்சு, 1907ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பலைக் கொண்டு வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டிட்டாரு. சரி, அது தனிப் பஞ்சாயத்து.) ஜூன் 25 உலக கடலோடிகள் தினம், 2011லருந்து கொண்டாடுறாங்க. அன்னைக்கு வாட்ஸ்அப்ல நங்கூரம் படம் போட்டு வாழ்த்து வரும். அண்ணன் அதுக்கு ஒரு கும்பிடு எமோஜி போட்டுட்டு தூங்கப் போயிருவான், ஏன்னா அடுத்த வாட்ச் இருக்கும்.

வாட்ச்னா என்னன்னு கேட்டீங்கன்னா, நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். அண்ணன் ஏபியா இருந்தப்ப அவனுக்கு பன்னெண்டுலருந்து நாலு, அதாவது மதியமும் உண்டு நடுராத்திரியும் உண்டு. எட்டு மணி நேரம் ஓய்வுன்னு பேப்பர்லதான், நடுவுல ஓவர்டைம், டிரில், துறைமுகம் வந்தா கயிறு கட்டப் போகணும். மத்த நேரம் சிப்பிங், அதான் துருவைச் சுத்தியலால தட்டித் தட்டி எடுத்துட்டு பெயின்ட் அடிக்கறது. உப்புக்காத்து ஒரு பக்கம் துருப்பிடிக்க வைக்கும், இவங்க ஒரு பக்கம் தட்டிக்கிட்டே இருப்பாங்க, ரெண்டுக்கும் முடிவே கிடையாது. என்ஜின் ரூம் ஆளுங்க நிலைமை இதைவிட மோசம், வளைகுடாப் பக்கம் கோடைல உள்ள 45 டிகிரிய சாதாரணமா தாண்டிரும்.

அண்ணன் பயப்படற விஷயம் புயல் இல்லை. மூடின இடம். சரக்கு ஏத்துற ஹோல்டு, கப்பல் சாயாம இருக்க தண்ணி நிரப்புற பாலாஸ்ட் டேங்க், நங்கூரச் சங்கிலி கிடக்குற லாக்கர், இங்கெல்லாம் துருவே காத்துல இருக்கற ஆக்சிஜனைத் தின்னுரும், நிலக்கரி, மரக்கட்டை மாதிரி சரக்கும் தின்னும். வாசனை கிடையாது, புகை கிடையாது. உள்ள இறங்குனவன் சத்தமில்லாம விழுந்துருவான், மேல இருக்கறவன் ஐயோன்னு பதறி மாஸ்க் போடாம அவனைத் தூக்க இறங்குவான், அவனும் விழுவான். உலகம் பூரா கப்பல்கள்ல வருஷா வருஷம் இப்படி ரெண்டு ரெண்டு பேரா மூணு மூணு பேரா போறாங்க, நம்ம பேப்பர்ல வராது. போசன், அதான் டெக் மாலுமிங்களுக்குத் தலைவன், ஆனதுக்கப்புறம் அண்ணன் புதுப் பசங்களுக்குச் சொல்ற முதல் பாடமே இதுதானாம், கூட்டாளி விழுந்தா உள்ள குதிக்காத, ஓடிப் போய் அலாரம் அடி. கேக்க கல்நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனா அதான் ஒருத்தரையாவது மிச்சம் வைக்கும்.

உலக வணிகத்துல அளவு கணக்குல 80 சதவீதத்துக்கு மேல கப்பல்லதான் போகுது. அதை ஓட்டறவங்க மொத்தமே கிட்டத்தட்ட 19 லட்சம் பேர், 2021 கணக்கு. சென்னை மாநகராட்சியோட மக்கள்தொகைல பாதி கூட இல்லை. அதுல நம்ம நாட்டு ஆளுங்க கணிசமா இருக்காங்க, பிலிப்பைன்ஸுக்கு அடுத்த வரிசைல வர்ற நாடுகள்ல நாமளும் ஒண்ணு.

சரி, ஆபீஸ்ல போன உசுருன்னு அண்ணன் சொன்னானே, அது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். கப்பலோட ஓனர் ஒரு நாட்டுல இருப்பான், கப்பல் பதிவு பனாமாவுலயோ கொமொரோஸ்லயோ இருக்கும், ஆளுங்களை எடுத்துக் குடுக்கற மேனிங் ஏஜென்ட் மும்பைல, ஆளு தூத்துக்குடி, கன்னியாகுமரி, உத்தரப்பிரதேசம்னு எங்கிருந்தோ. கம்பெனி நொடிச்சுப் போச்சுன்னா முதல்ல நிக்கறது சம்பளம். "அடுத்த மாசம் சேத்துப் போடறோம்"னு மெயில் வரும். அப்புறம் சாப்பாட்டுச் சரக்கு குறையும், டீசல் குறையும், ஏசி நிக்கும், ராத்திரி ஜெனரேட்டர் நிக்கும். கடன் குடுத்தவங்க கோர்ட்டுக்குப் போய் கப்பலைப் பிடிச்சு வைப்பாங்க. ஓனர் போன் எடுக்க மாட்டான்.

இறங்கி வீட்டுக்கு வர வேண்டியதுதானேன்னு எல்லாரும் கேப்பாங்க, நானும் ஒரு காலத்துல கேட்டவன்தான். வர முடியாது. ஆளில்லாத கப்பல் துறைமுகத்துக்கு ஆபத்து, அதனால குறைஞ்சபட்சம் இத்தனை பேர் கப்பல்ல இருக்கணும்னு அதிகாரிங்க விடமாட்டாங்க. கரைல இறங்க அந்த நாடு குடுக்கற ஷோர் பாஸ் இல்லாம அந்த நாட்டு மண்ணுல கால் வைக்க முடியாது. இதெல்லாம் விட பெருசு சம்பளம். கப்பலை கோர்ட் ஏலம் விட்டா மாலுமிங்களோட சம்பளப் பாக்கிக்கு மத்த பல கடன்காரங்களுக்கு முன்னாடி இடம் உண்டு, அதை நம்பித்தான் பசியோட உக்காந்திருப்பாங்க. இறங்கிட்டா அந்தப் பிடி போயிரும்னு பயம். ஊர்ல வட்டி ஓடிக்கிட்டு இருக்கும்ல, வெறுங்கையோட எப்படி வர்றது.

இதோட உச்சம் எம்வி அமான்ங்கற கப்பல். 2017ல எகிப்துல அதைப் பிடிச்சு வச்சாங்க. அதுல இருந்த முகமது ஆயிஷாங்கற சிரியாக்காரரை அந்த ஊர் கோர்ட் கப்பலுக்குச் சட்டப்படி பொறுப்பாளர்னு எழுதிக் கையெழுத்து வாங்கிருச்சு. அவ்ளோதான், மாட்டிக்கிட்டாரு. மத்தவங்க ஒவ்வொருத்தரா போனாங்க, இவரு கடைசில தன்னந்தனியா. கரண்ட் இல்லாத இரும்புக் கப்பல். பிறகு அது நங்கூரம் அறுந்து கரைக்குக் கிட்ட ஒதுங்குனதால நீந்திப் போய் போனுக்கு சார்ஜ் போட்டுட்டு சாப்பாடு வாங்கிட்டு வருவாராம். அம்மா செத்த சேதியும் அந்தக் கப்பல்ல இருக்கறப்பதான் வந்துச்சு. 2021 ஏப்ரல்லதான் விட்டாங்க. கிட்டத்தட்ட நாலு வருஷம், ஒரு குத்தமும் செய்யாம.

சட்டம் இல்லாம இல்லை. எம்எல்சின்னு சொல்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006ல வந்துச்சு, 2013ல அமலுக்கு வந்துச்சு. 2017லருந்து அதுல ஒரு திருத்தம்: ஒவ்வொரு கப்பலும் இன்சூரன்ஸ் மாதிரி ஒரு பொருளாதார உத்தரவாதம் வச்சிருக்கணும், ஓனர் கைவிட்டா நாலு மாசச் சம்பளம் வரைக்கும், ஊருக்கு அனுப்புற செலவும் அதுலருந்து வரணும். ரெண்டு மாசம் சம்பளம் வரலன்னாலே கைவிடப்பட்ட கப்பல்னு கணக்குல எடுத்துக்கலாம். நல்ல சட்டம். ஆனா 2024ல மட்டும் 300க்கும் மேல கப்பல்கள், 3,000க்கும் மேல மாலுமிங்க இப்படிக் கைவிடப்பட்டதா ஐடிஎஃப்ங்கற சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் கணக்குச் சொல்லுது, அதுல நாட்டு வாரியா பாத்தா அதிகம் பேர் இந்தியர்கள். அந்த முதலிடத்துக்கு யாரும் எமோஜி போடல.

நினைவுச்சின்னம்னா நம்ம நாட்டுலயும் இருக்கு, ஆனா நமக்குத் தெரியாது. கொல்கத்தாவுல ஹூக்ளி ஓரமா லஸ்கர் நினைவுச்சின்னம், 1924ல திறந்தது. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் கப்பல்கள்ல வேலை பாத்து செத்த, வங்காளம் அசாம் பக்கத்து மாலுமிங்க 896 பேருக்கு. லஸ்கர்னு வெள்ளைக்காரன் ஆசிய மாலுமிங்களைக் கூப்பிட்ட பேரு. அந்த நிலக்கரி நீராவிக் கப்பல்ல அடியில நின்னு கரி அள்ளிப் போட்டவங்க இவங்கதான், டார்பிடோ அடிச்சா மேல ஏறி வரவே முடியாத இடம். ரெண்டாம் போர் தொடங்குனப்ப பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள்ல நாலுல ஒருத்தர் கணக்குல இந்திய மாலுமி, சுமார் 50,000 பேர். சம்பளம் அதே வேலை பாத்த வெள்ளைக்காரனுக்குக் குடுத்ததுல நாலுல ஒரு பங்கு, மூணுல ஒரு பங்கு, அவ்ளோதான். 1939ல போர் ஆரம்பிச்ச கையோட இவங்க பிரிட்டன் துறைமுகங்கள்லயே வேலைநிறுத்தம் பண்ணாங்க, சம்பளத்தை ஏத்துனாத்தான் ஏறுவோம்னு. பல பேரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க, ஆனா சம்பளமும் கொஞ்சம் ஏறுச்சு. எனக்கு அந்த 896 ஆளுக்கு எழுப்புன தூணை விட இந்த ஸ்ட்ரைக்தான் பெருசாத் தெரியுது. செத்தவனுக்குத் தூண் வைக்க எந்த முதலாளியும் தயங்க மாட்டான்.

வெள்ளைக்கார மாலுமிங்க மட்டும் ராஜபோகமா இருந்தாங்கன்னு நெனைக்க வேண்டாம். 1941 வரைக்கும் கப்பல் மூழ்குனா அதோட அவங்க வேலை ஒப்பந்தமும் முடிஞ்சுரும்.

சென்னைக்கும் இதுல பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும், ஹைகோர்ட் சுவத்துல கல்வெட்டு இருக்கு, பர்மா ஆயில் டேங்குங்க எரிஞ்ச கதையை தாத்தா காலத்துலருந்து சொல்றோம். அன்னைக்குத் துறைமுகத்துல நின்ன சுப்ராங்கற வணிகக் கப்பல் மேலயும் குண்டு விழுந்து அதுல இருந்தவங்க செத்தாங்க. எம்டனைத் தெரிஞ்ச நமக்கு சுப்ராவைத் தெரியாது. அதே மாதிரி வ.உ.சி.யோட அந்த ரெண்டு கப்பல்லயும் சுக்கான் பிடிச்சவங்க, கரி அள்ளுனவங்க யாருன்னு எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்லை.

கிட்டத்துல நடந்ததுக்கு வரேன். 2024 மார்ச் 26, அமெரிக்காவுல பால்டிமோர் பாலத்துல டாலிங்கற கன்டெய்னர் கப்பல் மோதி பாலமே சரிஞ்சு விழுந்த வீடியோ பாத்திருப்பீங்க. கொழும்புக்குக் கிளம்புன கப்பல் அது, 20 இந்தியர்கள், ஒரு இலங்கைக்காரர். கரண்ட் போனதும் கப்பல்லருந்து மேடே கால், அதான் ஆபத்துன்னு ரேடியோல சொல்ற அவசர அழைப்பு, குடுத்தாங்க, அதனாலதான் போலீஸ் ரெண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்த முடிஞ்சுது. பாலத்து மேல குழி அடைச்சிக்கிட்டு இருந்த ஆறு தொழிலாளிங்க போயிட்டாங்க, அவங்களும் வேற நாட்டுலருந்து பொழைக்க வந்தவங்கதான். மேடே குடுத்த ஆளுங்களைப் பத்தி அந்த நாட்டு ஜனாதிபதியே பாராட்டிப் பேசுனாரு, இன்னொரு பக்கம் கோவணத்தோட நிக்கற மாதிரி கேவலமா கார்ட்டூன் போட்டுச் சிரிச்சாங்க. சரி, பாராட்டுனதுக்கு அப்புறம் என்ன ஆச்சு? போனைப் பிடுங்கிட்டாங்க விசாரணைக்குன்னு. விசா இல்லைன்னு கரைல இறங்க விடல. மே மாசம் கப்பல் மேல கிடந்த பாலத்து இரும்பை வெடி வச்சுத் தகர்த்தப்பவும் அவங்க கப்பலுக்குள்ளதான் இருந்தாங்க. முதல் கும்பல் ஊர் திரும்புனப்ப ஜூன் ஆயிருச்சு.

கொரோனா அப்பவும் இதேதான். 2020 கடைசில கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் காண்ட்ராக்ட் முடிஞ்சும் இறங்க முடியாம கப்பல்லயே கிடந்தாங்க, ஏன்னா ஒரு நாடும் உள்ள விடல. எம்எல்சி படி 12 மாசத்துக்குள்ள இறக்கி விட்டே ஆகணும். எங்கண்ணனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். நமக்கு இங்க கடைல எண்ணெய் வந்துச்சு, பருப்பு வந்துச்சு, ஆஸ்பத்திரிக்கு மருந்து மூலப்பொருள் வந்துச்சு, கொண்டு வந்தவன் மட்டும் வரல. அந்த டிசம்பர்ல ஐநா சபை தீர்மானம் போட்டுச்சு, மாலுமிங்களை அத்தியாவசியப் பணியாளரா எல்லா நாடும் அறிவிக்கணும்னு. அண்ணி அதை டிவில கேட்டுட்டு, "தீர்மானம் போட்டவங்க ஒரு பிளேனும் போட்டிருக்கலாம்ல கொழுந்தனாரே"ன்னாங்க. அதுக்கு மேல நான் எழுத என்ன இருக்கு.

மரியாதைன்னா என்னன்னு அண்ணனை ஒரு தடவை நேராவே கேட்டேன், அவன் யோசிக்கவே இல்லை. நம்மள இறக்கி விட வர்ற மாத்து ஆள், அதான் ரிலீவர், தேதிக்கு வரணும், அலாட்மென்ட், அதான் சம்பளத்துல வீட்டுக்குன்னு ஒதுக்குன பங்கு, ஒண்ணாம் தேதி வீட்டுக்குப் போகணும், துறைமுகத்துல நாலு மணி நேரமாவது கால் மண்ணுல படணும். இதுல கடைசி விஷயம் இப்ப ரொம்பக் கஷ்டம், கன்டெய்னர் கப்பல் பல ஊர்ல ஒரே நாள்ல கிளம்பிருது, டெர்மினலோ ஊருக்கு வெளிய எங்கயோ இருக்கு. அங்க வேன் எடுத்துட்டு கேட்டுக்கே வந்து சிம் கார்டு குடுத்து, ஊருக்குள்ள கூட்டிட்டுப் போய் திரும்பக் கொண்டு விடற மிஷன்காரங்க இருக்காங்க, ஸ்டெல்லா மாரிஸ்ங்கற கத்தோலிக்க அமைப்பு மாதிரி, 1920ல ஸ்காட்லாந்துல ஆரம்பிச்சது, நம்ம ஊர்லயும் உண்டு. இந்து முஸ்லிம் கிறிஸ்தவன்னு பாக்க மாட்டாங்க. அண்ணன் எந்த அட்மிரலையும் புகழ்ந்து நான் கேட்டதில்ல, ஆனா ஏதோ ஒரு வெளியூர் துறைமுகத்துல மழைல காத்திருந்த வேன் டிரைவர் கிழவரைப் பத்தி இன்னும் பேசுவான்.

போன லீவுல ஒரு விஷயம் நடந்துச்சு. எங்க தெருவுல ஒருத்தர் தன் பையனைக் கப்பலுக்கு அனுப்பறேன்னு ஒரு ஏஜென்ட்கிட்ட ரெண்டு லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டு, அக்ரிமென்ட் பேப்பரைக் கொண்டு வந்து பெருமையா அண்ணன்கிட்ட காட்டுனாரு. அண்ணன் சம்பளம் எவ்ளோன்னு பாக்கல. ஆர்பிஎஸ்எல் நம்பர் எங்கன்னு தேடுனான், அதான் ஆள் எடுக்க மத்திய அரசோட கப்பல் துறை, டிஜி ஷிப்பிங், குடுக்கற லைசென்ஸ் நம்பர், வெப்சைட்லயே செக் பண்ணலாம். இல்லை. ஊருக்குத் திரும்பற செலவு யாருதுன்னு பாத்தான். எழுதவே இல்லை. கப்பல் பேரு? "அங்க போனதும் சொல்வாங்க." வேலை வாங்கித் தர பையன்கிட்ட காசு வாங்கறதே தப்புண்ணாச்சி, சட்டத்துலயே கிடையாதுன்னு சொன்னான். அவருக்கு முகம் செத்துப் போச்சு, இருந்தாலும் பையன் அனுபவத்துக்காவது ஒரு தடவை போயிட்டு வரட்டுமேன்னாரு. அண்ணனுக்கு வந்துச்சே கோவம், இத்தனை வருஷத்துல பெரியவங்ககிட்ட அவன் சத்தம் போட்டு நான் பாத்ததில்லை. மறுநாள் அவரையும் என்னையும் கூட்டிட்டு அந்த ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனான், தன்னோட சிடிசி புக்கை, அதான் மாலுமிக்கான அடையாளப் புத்தகத்தை, மேஜை மேல போட்டுட்டு உக்காந்தான், காசு வர்ற வரைக்கும் எந்திரிக்கல. பாதிக் காசு வந்துச்சு. மீதி அடுத்த மாசம்னு ஏஜென்ட் சொல்லிருக்கான். அண்ணன் கப்பல் ஏறிட்டான், அதனால இப்ப நான்தான் வாராவாரம் போய் அந்த ஆபீஸ்ல உக்காந்துட்டு வரேன்.